இடப்பக்கம் வராத பந்து

அக்டோபர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா ஆசியுடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் குள்ளனும் சுகம்தானே?

வாசலில் குனிந்து நுழைகிற என் மகனை இன்னமும் குள்ளன் என்று எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். பள்ளியில் சேர்ந்தபோது வகுப்பிலேயே அவன்தான் குட்டை. அவன் அக்கா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கோச்சாக இருக்கும் கூடைப்பந்து அணிக்கே கேப்டன் ஆகிவிட்டாலும் எங்கள் வீட்டில் அவன் குள்ளன்தான்.

இதையெல்லாம் போனிலேயே பேசலாம். ஆனால் ஆயுசு முழுக்க நடுவராக நின்று விசில் ஊதியதில் என் காது ஓய்வெடுத்துக்கொண்டது. போன் பேச்சு எனக்கு அத்தை வாய்வழியாகத்தான் வருகிறது; அதில் அவளுடைய சொந்தச் சரக்கும் கலந்துவிடும். காகிதம்தான் எனக்குச் சரிப்படுகிறது.

சீசன் தொடக்கமே சறுக்கலாகிவிட்டது. டிவியில் எல்லா ஆட்டமும் பார்த்தோம். மாமனார் மாப்பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறார் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம். நடுவில் நின்று நாலு பக்கமும் பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறவன் குள்ளன். அவனை எதற்காக இடது ஓரத்தில் கோட்டோடு கோடாக ஒட்டி நிறுத்தியிருக்கிறீர்கள்? வேண்டாத விருந்தாளியைக் கதவோரம் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் உங்கள் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டத்துக்கு வரலாம் என்று இருக்கிறேன். எனக்கு வழக்கமான இருக்கை போதும்: இடது ஓரம், முதல் வரிசை. ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ஓடும்போது குள்ளன் கோட்டோரமாக வந்து என் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். அது இல்லாமல் அவன் எந்தச் சீசனையும் தொடங்கியதில்லை. இந்த வருடம் அதுதான் குறையோ என்னவோ.

மகளுக்கும் குள்ளனுக்கும் எங்கள் அன்பு.

உங்கள் மாமா


அக்டோபர் 27

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் நலம். அத்தையை மாடி ஏற வேண்டாம் என்று உங்கள் மகள் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னாள். துணி உலர்த்துவதைக் கீழேயே வைத்துக்கொள்ளலாமாம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த வருடம் புதிய முறை ஒன்றைப் பழக்கிவருகிறேன். குள்ளன் ஓரத்தில் நின்றால் எதிரணி ஆட்கள் அவனைத் தேடி அங்கே போவார்கள். நடுவில் இடம் திறக்கும். ஏட்டில் பார்த்தால் நல்ல திட்டம். கால்கள்தான் இன்னும் பழகவில்லை. கொஞ்சம் பொறுத்தால் பலன் தெரியும்.

நீங்கள் வருவதைப் பற்றி. இந்தச் சீசனில் இடது ஓர முதல் வரிசையை எடுத்துவிட்டுக் கேமரா வைக்கப் போவதாகப் பேச்சு. வேறு இடத்தில் உட்கார்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. குளிரும் தொடங்கிவிட்டது. புது வருடம் பிறந்தபின் வெயிலோடு வெயிலாக வாருங்கள். நானே பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன்.

குள்ளன் நன்றாக இருக்கிறான். பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறான். அத்தைக்கு என் வணக்கம்.

பணிவன்புடன்,
உங்கள் மருமகன்


நவம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். இங்கே இருவரும் நலம். துணி கீழே வந்துவிட்டது. அதை உலர்த்தும் வேலையும் என் தலையில் வந்துவிட்டது. மகளிடம் சொல்லுங்கள்.

உங்கள் புதிய முறையை உன்னிப்பாகப் பார்த்துவருகிறேன். நடுவரின் கண் ஓய்வு பெறாது, மாப்பிள்ளை. எதிரணியின் கூடையைத் தாக்கும்போது குள்ளன் இடது ஓரத்தில் நிற்கிறான், சரி. பந்து கைமாறிவிட்டால் எல்லோரும் நேராகத் திரும்பி ஓடுகிறார்கள். அவன் மட்டும் கோர்ட்டைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கத்து இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறான். ஒவ்வொரு முறையும். அவன் குறுக்கே ஓடி முடிப்பதற்குள் எதிரணி வந்து கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் தோல்விகளில் முக்கால்வாசி அந்தக் குறுக்கு ஓட்டத்தில்தான் கசிகிறது. எனக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

போன ஆட்டத்தில் ஒன்று நடந்தது. புதிதாக வந்த பையன் ஒருவன் திட்டத்தை மறந்து குள்ளனுக்கு இடப்பக்கமிருந்து பந்தை எறிந்தான். சுலபமான பாஸ். அது குள்ளனின் தோளில் பட்டு வெளியே போயிற்று. டிவியில் பேசுகிறவர் கவனக்குறைவு என்றாராம், அத்தை சொன்னாள். குள்ளனிடம் ஆயிரம் குறை சொல்லலாம், கவனக்குறைவு அவனுக்குக் கிடையாது.

நான் இதை எழுதுவதே அத்தையால்தான். ஆட்டம் முடிந்து அவனிடம் மைக் நீட்டினார்கள் அல்லவா? இடப்பக்கம் நின்றவர் கேள்வி கேட்டபோது அவன் கண்ணைத் திருப்பவில்லை, கழுத்தையே முழுக்கத் திருப்பினான் என்கிறாள். "பெத்தவளுக்குத் தெரியாதாங்க? அவன் அப்படித் திரும்பவே மாட்டான்" என்று அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். குள்ளனுக்கு ஏதாவது உடம்புக்கா?

அன்புடன்,
மாமா


டிசம்பர் 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். தொடர்ந்து வெளியூர் ஆட்டங்கள்.

நிலைமை உங்களுக்கே தெரியும். பட்டியலில் அடிமட்டத்தில் இருக்கிறோம். கடைசி இடத்தில் முடித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். போன வாரம் நிர்வாகம் கூப்பிட்டு அனுப்பியது. நீளமான மேசை, அந்தப் பக்கம் அவர்கள் எல்லோரும், இந்தப் பக்கம் நான் மட்டும். சீசன் முடியும்வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். அதற்குமேல் பேச்சில்லை என்றார்கள்.

குறுக்கு ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. சரிசெய்யப் பார்க்கிறேன். எல்லோரும் களைத்துப் போயிருக்கிறோம். குள்ளனும்தான். கேப்டன் என்றால் தோற்ற பிறகு பேசுவதற்கும் அவன்தான் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள் நலம். அத்தை முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்பியிருக்கிறாள். கிடைத்ததும் எழுதுங்கள்.

பணிவன்புடன்,
மருமகன்


டிசம்பர் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். பட்டை கிடைத்தது. அத்தை அதை மாட்டிக்கொண்டு தானும் ஆட்டக்காரி ஆகிவிட்டதாகச் சொல்லி நடமாடுகிறாள். மற்றபடி நலம்.

நான் கேட்டதில் எல்லாவற்றுக்கும் பதில் வந்திருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்காகத்தான் மற்றவற்றையே கேட்டேன்.

குள்ளனுக்கும் தனியாக எழுதிப் பார்த்தேன். "எல்லாம் அத்தான் போடுற திட்டம்தாம்பா, நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒரு வரி வந்தது. என் பிள்ளை ஒரு வரியில் பதில் எழுதினால் மீதியை விழுங்கிவிட்டான் என்று அர்த்தம். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டு விழுந்தால் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி மழுப்பினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. இப்போது என் நிலைமை அதுதான்.

ஜனவரியில் உங்கள் அரங்கில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். டிக்கெட்டுக்கு நீங்கள் அலைய வேண்டாம். அங்கே கடிகாரப் பலகையை இயக்குகிறவர் என் பழைய சிநேகிதர். இடது ஓர இருக்கைகளை யாரும் எடுக்கவில்லை என்றும் அவர்தான் எழுதியிருந்தார்.

அத்தையின் அன்புடன்,
மாமா


டிசம்பர் 29

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது வராதீர்கள். இருக்கையைப் பற்றி நான் எழுதியது தப்பு. அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரி ஆட்டம் வாழ்வா சாவா என்கிற ஆட்டம். நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்தால் குள்ளன் குலைந்துபோவான். சீசன் முடியட்டும். நானே வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை எதுவும் கேட்காதீர்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. உங்கள் மகள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என்னைக் கேட்டால் அதற்கும் இப்போது காரணம் சொல்ல முடியாது.

இந்த ஒரு வேண்டுகோளை மட்டும் தட்டாதீர்கள்.

உங்கள் மருமகன்


ஜனவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நான் வந்தேன். பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அத்தை சௌக்கியம். அவளிடம் ஆட்டம் சுமார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இடது ஓரம், முதல் வரிசை. இருக்கையின் கிழிந்த உறைகூட அப்படியே இருந்தது. உங்கள் பையன்கள் வரிசையாக ஓடிவந்து கூடையில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். குள்ளன் கோட்டோரமாக வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் நேரே பார்த்தபடி போய்விட்டான். மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மறுபடி வந்தான். இந்த முறை நான் எழுந்து நன்றாகக் குனிந்து நீட்டினேன். என் விரல் அவன் முழங்கையில் பட்டது. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. "ஸாரி சார்" என்று என் காதுக்கே எட்டும்படி சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

என்னைத்தான் சார் என்றான். கை நீட்டியபடியே நான் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் என்னை உட்காரச் சொன்னார்.

பிறகு ஆட்டம். அந்தக் குறுக்கு ஓட்டத்தில் அவன் வரும்போது, பாறை என்று கூப்பிடுவீர்களே, அந்தப் பெரிய பையன், குள்ளனுக்கு இடப்பக்கமிருந்து வந்தான். கூடம் முழுக்கப் பார்த்தது, குள்ளனைத் தவிர. மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். பாறைக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. நீங்கள் களத்துக்குள் ஓடினீர்கள். ரத்தம் கொட்டுகிறவனைத் தாண்டிக் குள்ளனிடம் ஓடினீர்கள். அவன் முகத்தைக் கையில் பிடித்து இடது கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். வேறு எங்கும் அடிபட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று. இடைவேளையில் கிளம்பிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் என்ன பேசியிருப்பேனோ, அது மாமனார் வாயில் வரக் கூடாத பேச்சு.

இனி நான் ஊகிக்கப் போவதில்லை. நீங்களே எழுதுங்கள்.

மாமா


ஜனவரி 24

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

சீசன் தொடங்குவதற்கு முன்பு, பயிற்சியில் ஒருவனுடைய முழங்கை குள்ளனின் இடது கண்ணில் பட்டது. முதலில் வீக்கம்தான் என்று நினைத்தோம். பிறகு ஓரத்தில் நிழல் விழுகிறது என்றான். அணி டாக்டரிடம் போக மறுத்துவிட்டான். வெளியே ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். விழித்திரையில் கிழிசல் என்றார். லேசர் வைத்து ஒட்டினார். ஒட்டியது ஒட்டிக்கொண்டது, ஆனால் அந்தப் பக்கத்து ஓரப் பார்வை போய்விட்டது. மாதா மாதம் வந்து காட்டச் சொன்னார். விளையாடக் கூடாது, இன்னொரு அடி பட்டால் முழுக் கண்ணும் போய்விடலாம் என்றார்.

வெளியே வந்ததும் குள்ளன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "அத்தான், கேப்டனாகி இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலை. இந்த ஒரு சீசன் விடுங்க. அக்கா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றான். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அவனுக்காகத்தான் செய்தேன். அவன் இல்லாமல் இந்த அணியில் எனக்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அவன் சிரமப்படக் கூடாது என்று ஆட்டத்தையே மாற்றினேன். இடது ஓரத்தில் நின்றால் அவனுக்கு இடப்பக்கம் கோடு மட்டும்தான். பந்தும் ஆட்களும் வலப்பக்கமிருந்துதான் வர முடியும். திரும்பி ஓடும்போது அவனுக்கு இடம் வலமாக மாறிவிடும்; குறுக்கு ஓட்டமும் அதற்குத்தான். அவனுக்கு இடப்பக்கமிருந்து யாரும் பாஸ் போடக் கூடாது என்று பையன்களுக்கு உத்தரவு போட்டேன். பயிற்சியிலும் அப்படித்தான். காரணம் யாருக்கும் தெரியாது. எதிரணிகள் சீக்கிரமே கண்டுபிடித்து வழியை அடைத்துவிட்டன. தெரிந்தேதான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

சொட்டு மருந்தை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தான். உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்தாள். சத்தியம் அவள் தலைமேல் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

ஒரு ஆறுதல் இருக்கிறது. ஓரப் பார்வை திரும்பி வருகிறது என்று குள்ளனே சொல்கிறான். "இப்ப ரொம்பத் தேவலை அத்தான், எதுவும் தப்பலை" என்கிறான். பாறையோடு மோதியதுகூட அவன் தப்பில்லையாம். அதனால்தான் டாக்டரிடமும் போகாமல் இருக்கிறான். மார்ச் கடைசியில் சீசன் முடிகிறது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமா? நான் என்ன செய்யட்டும் மாமா?

உங்கள் மருமகன்


பிப்ரவரி 2

மாப்பிள்ளைக்கு,

இங்கே யாரும் நலமாக இல்லை. அத்தையிடம் சொல்லிவிட்டேன். டிவிக்கு மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறீர்கள். நான் விசில் ஊதிய காலத்தில், தவறைப் பார்த்துவிட்டு இரண்டு நொடி யோசித்தேன் என்றால் அந்த விசிலுக்கு மதிப்பில்லை. பார்த்தால் ஊத வேண்டும். ஆட்டம் யாருக்குச் சாதகம், யார் அழுவார்கள் என்று பார்த்து ஊதக் கூடாது. நீங்கள் சீசன் தொடக்கத்தில் பார்த்ததை இன்னும் வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அணி டாக்டரிடம் சொல்லுங்கள். குள்ளன் உங்களை வெறுப்பான். வெறுக்கட்டும். வெறுக்கிறவனுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும்.

இதுவரை மாப்பிள்ளை என்ற மரியாதையில் எழுதினேன். இப்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் கழற்றி வைக்கிறேன். ஏண்டா, உனக்குப் பயமாக இருந்தால் என்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்கக் கூடாதா? அவன் என் பிள்ளை என்றால் நீ யார்? உன்னை இப்படித் தனியாகச் சுமக்க விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. சொல்லிவிடு. நாற்காலி போனால் போகிறது. இங்கே வந்து இரண்டு பேரும் என்னோடு துணி உலர்த்துங்கள்.

மாமா


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கிறாள். நானும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

டிவியின் துணியை நான்தான் எடுத்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் இன்னும் ஆடுகிறான். ஒவ்வொரு மோதலுக்கும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவீர்களா நிற்பீர்களா என்று கடைசி ஆட்டம்தான் தீர்மானிக்குமாம். அது எனக்குப் பொருட்டில்லை.

பையைக் கட்டி வைத்துவிட்டேன். கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் வந்து நேராக அணி டாக்டரின் அறைக்குப் போவேன். அதற்குள் நீங்கள் போயிருந்தால், நான் பழம் வாங்கி வந்த கிழவன். போகாவிட்டால் நான் ஊதுவேன்.

மகளுக்கு அன்பு.

மாமா


மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் வர வேண்டும். அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அரங்குக்கு வேண்டாம், கண் ஆஸ்பத்திரிக்கு. நாளை மறுநாள் குள்ளனுக்கு ஆபரேஷன்; தபாலை நம்பாமல், இன்றிரவு உங்கள் ஊருக்கு வருகிறவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதீர்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்தபோதே போயிருக்க வேண்டும். டாக்டரின் அறைவரை போய்க் கதவைத் தட்டாமல் திரும்பி வந்துகொண்டிருந்தேன். முந்தாநாள் உங்கள் கடிதத்தைப் பார்த்தபின் இனியும் என்னால் தள்ளிப்போட முடியவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு குள்ளனை நிறுத்தினேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். கண் சரியாகிவிட்டது என்று அவன் சிரித்தான். அப்போதுதான் சொன்னேன். ஜனவரி ஆட்டத்தில் நீங்கள் இடது ஓரத்தில் நின்றதை, இரண்டு முறை கை நீட்டியதை, அவன் உங்களைச் சார் என்று சொன்னதை.

அவன் நம்பவில்லை. "அப்பா வந்தா எனக்குத் தெரியாதா?" என்றான். பந்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "இடப்பக்கமிருந்து ஒண்ணு போடுங்க அத்தான்" என்றான்.

கூடையைப் பார்த்து நின்றான். நான் அவனுக்கு இடப்பக்கம் போய் நின்று மெதுவாக எறிந்தேன். பந்து அவன் காதில் பட்டு உருண்டது. கை எழவே இல்லை. "இன்னொண்ணு" என்றான். அதுவும் தோளில் பட்டது. குழந்தை பிடிக்கிற பந்து மாமா. அடுத்ததை எறிய எனக்குக் கை வரவில்லை.

அவன் பந்தைத் தேடிப் போய் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். "அந்தப் புதுப் பையன் போட்ட ஒண்ணைத் தவிர, இவ்வளவு நாளா இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பந்துகூட வரலை, இல்ல?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். "அதான் எதுவும் தப்பலை. பார்வை வந்திட்டதா நினைச்சிட்டேனே அத்தான்" என்றான்.

ஊருக்கு மறைப்பதாக நினைத்து அவனுக்கே மறைத்துவிட்டேன் மாமா. தப்பிய பந்து இன்னும் ஒன்றிரண்டு அவனுக்குத் தெரிந்திருந்தால் அவனே எப்போதோ டாக்டரிடம் ஓடியிருப்பான். அந்த ஒன்றுக்குப் பிறகு நான் எதையும் தப்பவிடவில்லை.

பிறகு அவனாகவே அணி டாக்டரின் அறைக்கு நடந்தான். என்னை வர வேண்டாம் என்றான். கிழிசல் மறுபடி விட்டுப் பரவத் தொடங்கியிருக்கிறது. நல்ல வேளை, நடுப்பார்வைக்கு இன்னும் வரவில்லை. மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். போனது போனதுதான்.

நிர்வாகத்திடமும் நானே சொல்லிவிட்டேன். கடைசி ஆட்டத்துக்கு வேறு ஆள் கோச். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் பிள்ளை


மே 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

குள்ளன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்மேல் பழி போடாதீர்கள், எப்போதும் இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் வந்து உட்கார்ந்திருந்த நாளெல்லாம் நாம் இரண்டு பேரும் ஒன்றுமே பேசவில்லை. எனக்குக் கண்ணில் கட்டு, எழுத முடியாது; உங்களுக்குக் காது கேட்காது. நர்ஸ் இதைச் சொல்லிச் சிரித்தார். அம்மாதான் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அதனால்தான் கடிதம்.

நேற்றுக் கடைசியாகக் காட்டிவிட்டு வந்தேன். இருக்கிற பார்வை இருக்கும். இனி விளையாட்டு இல்லை. இதை எழுதினால் அழுவேன் என்று நினைத்தேன், நேற்றே அழுது முடித்துவிட்டேன் போலிருக்கிறது. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. கடைசி ஆட்டத்தை வார்டு டிவியில் நீங்கள் பார்க்க நான் கேட்டேனே, அதில் பாறைதான் எல்லாப் பந்தையும் போட்டான். அவன் புருவத்துக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கிளம்புமுன் போய்ப் பார்க்க வேண்டும்.

அத்தான்மேல் கோபம் இருக்கிறது. எனக்காக ஒரு அணியையே கோணலாக நிறுத்தியவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. சத்தியம் வாங்கியவனும் நான்தானே. அக்கா அவருக்குக் காபி கொடுக்கிறாள், பேச்சு இன்னும் தொடங்கவில்லை. வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் ஊருக்கு வருகிறோம். நீங்கள் அத்தானைத் திட்ட வேண்டும். நீ என்று சொல்லியே திட்டுங்கள். பிப்ரவரியில் நீங்கள் அப்படி எழுதியதை அவர் பலமுறை எடுத்துப் படித்தார் என்று அக்கா சொன்னாள்.

பஸ் நிலையத்துக்கு நீங்கள் வருவீர்கள் என்று தெரியும், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டீர்கள். ஒன்று மட்டும். பழக்கத்தில் இடப்பக்கம் நின்றுவிடாதீர்கள். நான் இறங்கும்போது என் வலப்பக்கம் நில்லுங்கள் அப்பா. கையை நீட்டியே வைத்திருங்கள்.

உங்கள் குள்ளன்